ஜிசி திரையில் 250, உள்ளே எவ்வளவு? டெம்பரேச்சர் சென்சார் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

கலவையை ஆவியாக்கித் தனித்தனிப் பொருளாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் (ஜிசி) டெம்பரேச்சர் எரர் வந்ததும் பல லேப்களில் முதலில் மாற்றுவது ஹீட்டரை, அடுத்து போர்டை. இரண்டுமே விலை கூடியவை. சென்சார் வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைத்தான் கடைசியில் செய்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்று லேப்களில் இருக்கும் பெரும்பாலான ஜிசிகளில் ஓவன் (பிரிக்கும் குழாய் இருக்கும் அடுப்பு), இன்ஜெக்டர் (சாம்பிள் நுழையும் இடம்), டிடெக்டர் (பிரிந்து வருவதை உணரும் இடம்) என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிளாட்டினம் சென்சார் இருக்கும். பிடி 100 என்று சொல்வது அதைத்தான். 0 டிகிரியில் 100 ஓம். சூடு ஏற ஏற ஓமும் ஏறும். 25 டிகிரியில் 109.7, 30-ல் 111.7, 100-ல் 138.5, 200-ல் 175.9, 250-ல் 194.1, 300-ல் 212.1. இந்த ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதி ஜிசியின் பக்கவாட்டு மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம் என்ற கணக்கு அறை வெப்பநிலைப் பக்கம் சரியாக வரும். மேலே போகப் போக அது கொஞ்சம் குறையும்.

போர்டுக்குத் தெரிவது இந்த ஓம் மட்டுமே. அதை டிகிரியாக மாற்றித் திரையில் போடுகிறது. அதனால் ஓம் எந்தப் பக்கம் தவறுகிறது என்று பார்த்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

வழியில் எங்காவது மின்தடை கூடினால், அதாவது கனெக்டர் பச்சை பூத்துவிட்டாலோ, ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலோ, வயர் பாதி அறுந்திருந்தாலோ, போர்டு அந்தக் கூடுதல் ஓமையும் சூடு என்றே எடுத்துக்கொள்ளும். திரை 250 காட்டும், உள்ளே அதைவிடக் குறைவாக இருக்கும். ஒரு ஓம் கூடினால் ஏறக்குறைய இரண்டரை டிகிரி பிழை வரும். மூன்று வயர் சென்சாரில் வயர் நீளத்தால் வரும் மின்தடையைப் போர்டே கழித்துக்கொள்ளும். ஆனால் ஒரு வயரில் மட்டும் கனெக்டர் கெட்டிருந்தால் அந்தக் கழிவு உதவாது.

இதற்கு நேர்மாறானது கசிவு. சென்சார் உறைக்குள் ஈரம் இறங்கினாலோ, வயரின் இன்சுலேஷன் கருகினாலோ, பிளாட்டினத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாதை திறந்து மொத்த ஓம் குறைந்துவிடும். 250 டிகிரியில் 10 கிலோ ஓம் கசிவு இருந்தால் 194.1 என்பது 190.4 ஆகிவிடும். திரை பத்து டிகிரி குறைவாகக் காட்டும். கண்ட்ரோலர் சும்மா இருக்காது, ஹீட்டரை இன்னும் ஓட்டி உள்ளே 260-க்குக் கொண்டுபோய்விடும். சென்சார் தன் துளையை விட்டு நழுவினாலும் இதே கதைதான். முதல் வகைக் கோளாறு ரிசல்ட்டைக் கெடுக்கும். இரண்டாவது வகை கருவியையே எரித்துவிடும். அதனால் திரை குறைவாகக் காட்டுகிறது என்ற சந்தேகம் வந்தாலே அந்தப் பகுதியின் ஹீட்டரை உடனே நிறுத்துங்கள்.

மூடியைத் திறக்கும் முன்

எல்லாப் பகுதிகளையும் 50 டிகிரிக்குக் கீழே ஆற விடுங்கள். ஆறும் வரை, சாம்பிளைச் சுமந்து செல்லும் கேரியர் கேஸ் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சூடான கேப்பிலரிக்குள், அதாவது ஓவனில் சுருண்டிருக்கும் மெல்லிய பிரிப்புக் குழாய்க்குள், காற்று புகுந்தால் உள்பூச்சு போய்விடும். டிசிடி (சூடான ஃபிலமென்ட் வைத்து உணரும் டிடெக்டர்) இருந்தால் ஃபிலமென்ட்டை அணைத்துவிட்டுத்தான் கேஸை நிறுத்த வேண்டும். ஹைட்ரஜன் ஓடும் ஜிசி என்றால், ஆறியதும் சிலிண்டர் பக்கமே மூடுங்கள். அப்புறம் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். முன்பக்க சுவிட்சை அணைத்தாலும் ஹீட்டர் வயரில் 230 வோல்ட் நிற்க வாய்ப்புண்டு. இன்ஜெக்டரையும் டிடெக்டரையும் சுற்றியிருக்கும் வெள்ளைப் பஞ்சைக் கிளறும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இழை நுரையீரலுக்கு ஆகாது.

காலை ரீடிங்

கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை இது. நான் மிகவும் நம்புவதும் இதைத்தான். முந்தைய நாள் மாலையே ஜிசியை அணைத்து, ஓவன் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். காலையில் வந்து ஆன் செய்ததும், ஹீட்டர் எதையும் ஓட்ட விடாமல், ஒவ்வொரு பகுதியின் ரீடிங்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஒரே அறையில் ஆறிய உலோகம், எல்லாம் ஒரே டிகிரியில்தான் இருந்தாக வேண்டும். ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. ஓவன் 30, இன்ஜெக்டர் 31, டிடெக்டர் 37 என்று இருந்தால், டிடெக்டர் வழியில் எங்கோ 2.7 ஓம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாப் பகுதிகளும் சேர்ந்தே 37 காட்டி, அறைச் சுவரில் இருக்கும் தெர்மாமீட்டர் 30 காட்டினால் சென்சார்களைத் தொட வேண்டாம். அத்தனையும் ஒரே நாளில் கெடாது. அது போர்டு அல்லது பவர் சப்ளை வேலை.

இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

திரையில் நம்ப முடியாத பெரிய எண், அல்லது சென்சார் இல்லை என்ற செய்தி

சென்சார் சர்க்யூட் திறந்துவிட்டது. ஓம் எல்லையில்லாமல் போனதால் போர்டு அதைப் பயங்கரச் சூடு என்று எண்ணி ஹீட்டரை வெட்டிவிட்டிருக்கும். போர்டிலிருந்து சென்சார் கனெக்டரைக் கழற்றி ஓம் பாருங்கள். மூன்று வயர் சென்சாரில் வழக்கமாக இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. இரண்டு சிவப்புக்கும் நடுவே ஓரிரு ஓமுக்குள் இருக்க வேண்டும். வெள்ளைக்கும் எந்தச் சிவப்புக்கும் நடுவே அறை வெப்பநிலையில் 110 பக்கம் வர வேண்டும். மீட்டர் முனைகள் இரண்டையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வரும் ஓமைக் குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள். மலிவான மீட்டர் வயரில் அதுவே அரை ஓம் இருக்கும்.

110 வருகிறதா? அப்படியானால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, கனெக்டரையும் போர்டையும் பாருங்கள். மீட்டர் ஓ.எல். (ஓம் எல்லை தாண்டிவிட்டது, அதாவது வழி அறுந்திருக்கிறது) காட்டினால் சென்சார் போய்விட்டது. மாற்ற வேண்டியதுதான்.

குளிரில் சரி, சூட்டில் மட்டும் எரர்

ஆட்களை மிகவும் அலைய வைப்பது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தர ஆய்வு லேபில் பார்த்தது. ஓவன் 40-ல் தொடங்கி 220 வரை ஏறும் புரோகிராம். தினமும் 190-ஐ நெருங்கும்போது ஓவன் தானாக அணைந்துவிடும். ஆறிய பிறகு ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். நான் போவதற்குள் போர்டு ஒரு முறை மாற்றியாகிவிட்டது. சென்சாரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பார்த்தோம் சார், 111 ஓம் காட்டுது, நல்லா இருக்கு" என்றார் அங்கிருந்த தம்பி. உண்மைதான். நானும் பார்த்தேன், 111.

ஓவனுக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தபோது, சென்சாரைக் காக்கும் கம்பிக் கூண்டில் பளபளவென்று ஒரு தேய்ந்த தடம். கேப்பிலரி மாட்டும் நட்டை இறுக்கும்போதெல்லாம் ஸ்பேனரின் வால் அங்கேதான் போய் இடித்திருக்கிறது. சென்சார் வயரைப் போர்டிலிருந்து கழற்றி மீட்டரில் மாட்டி, ஹாட் ஏர் கன்னால் தூரத்திலிருந்து மெல்லச் சூடேற்றினோம். 130, 145, 160 என்று நிதானமாக ஏறியது. 170, 171, 172. சட்டென்று ஓ.எல். கன்னை விலக்கியதும் சில விநாடிகளில் மறுபடி எண் வந்தது. 172 ஓம் என்றால் 190 டிகிரி. தம்பி நோட்டில் எழுதி வைத்திருந்த அதே 190. பீங்கான் உறைக்குள் மயிரிழை அளவு விரிசல் விழுந்திருக்கிறது. சூட்டில் விரிந்து பிரிகிறது, குளிரில் மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே சென்சாரைக் குளிரில் மட்டும் சோதித்துவிட்டு நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். சூடேற்றிக்கொண்டே ஓமைக் கவனியுங்கள். எண் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் ஒரு துள்ளல் இருந்தாலே அந்தச் சென்சாரை மாற்றிவிடலாம்.

ரீடிங் ஆடுகிறது, இரண்டு மூன்று டிகிரி மேலும் கீழும்

எப்படி ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். அலை போலச் சீராக, நிமிடக் கணக்கில் ஏறி இறங்கினால் அது கண்ட்ரோல் பிரச்சினை. சென்சார் துளைக்குள் தளர்வாக இருந்து சூட்டைத் தாமதமாக உணர்வதால் வரலாம், கண்ட்ரோலர் செட்டிங் மாறியதால் வரலாம். ஒழுங்கில்லாமல் துள்ளினால் அது தொடர்பு விட்டு விட்டு வருவது. கருவி ஆறிய நிலையில், ஹீட்டர் ஓடாமல், கனெக்டரையும் வயரையும் மரக்குச்சியால் மெல்ல அசைத்துக்கொண்டே ரீடிங்கைப் பாருங்கள். எந்த இடத்தைத் தொடும்போது எண் துள்ளுகிறதோ அங்கேதான் கோளாறு. கடலோரத்துத் தொழிற்சாலைகளில் உப்புக் காற்றால் கனெக்டர் பின்கள் மங்கிப்போயிருக்கும். நாலைந்து தடவை கழற்றி மாட்டினாலே ரீடிங் நேராகிவிடும். ஆனால் அது தற்காலிகம். பின்னை மாற்றினால்தான் நிலைக்கும்.

திரை அறை வெப்பநிலைக்கும் கீழே காட்டுகிறது

ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது கசிகிறது. முழு ஷார்ட் என்றால் எண் மைனஸ் இருநூறுக்கும் கீழே போகும். நல்ல கருவி உடனே எரர் சொல்லி ஹீட்டரை நிறுத்திவிடும். அரைகுறைக் கசிவுதான் பிடிபடாமல் ஒளிந்திருக்கும். கனெக்டரைக் கழற்றிவிட்டு, சென்சார் வயருக்கும் அதன் உலோக உறைக்கும் நடுவே ஓம் பாருங்கள். மெகா ஓம் கணக்கில் இருக்க வேண்டும். கிலோ ஓமில் வந்தால் ஈரம். மழைக்காலத்தில், பல நாள் ஓடாமல் கிடந்த ஜிசியில் இது சகஜம். சில மணி நேரம் ஓடியதும் ஈரம் காய்ந்து சரியாகிவிடும், திரும்ப நிறுத்தினால் திரும்ப வரும். மெகர் (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்ப்பதானால் சென்சார் போர்டில் மாட்டியிருக்கவே கூடாது. 500 வோல்ட் உள்ளே போனால் போர்டு அதோடு முடிந்தது.

எரர் ஒன்றும் இல்லை, ஆனால் பீக் நகர்கிறது

இதைச் சென்சார் கோளாறு என்று யாரும் முதலில் நினைப்பதில்லை. திரையில் எல்லாம் பச்சை, ஓவன் 100 என்றால் 100. ஆனால் ரிட்டென்ஷன் டைம் (ஒரு பொருள் கேப்பிலரியைக் கடந்து பீக்காகப் பதிவாக எடுக்கும் நேரம்) மட்டும் வாரத்துக்கு வாரம் தள்ளிப்போகிறது. கேப்பிலரியை மாற்றுகிறார்கள், இன்ஜெக்டரை மூடும் ரப்பர் வில்லையான செப்டத்தை மாற்றுகிறார்கள், லீக் தேடுகிறார்கள். ஓவன் சென்சார் வழியில் ஒரு ஓம் கூடியிருந்தால் உண்மையான ஓவன் இரண்டரை டிகிரி குறைவாக ஓடும். ஐசோதெர்மல் ஓட்டத்தில் (ஓவனை ஒரே வெப்பநிலையில் வைத்து ஓட்டுவது) ஒரு டிகிரி மாறினாலே ரிட்டென்ஷன் சில சதவீதம் மாறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் பிரச்சினையா, சூட்டுப் பிரச்சினையா என்று பிரிக்க எளிதான வழி உண்டு. கேப்பிலரியில் தங்காமல் ஓடிவிடும் மீத்தேன் போன்ற ஒன்றை ஊசி போட்டு அதன் நேரத்தைப் பாருங்கள். அது பழைய நேரத்திலேயே வந்து, தங்கிப் போகும் பீக்குகள் மட்டும் தள்ளிப்போயிருந்தால் சூடு குறைந்திருக்கிறது. (கேப்பிலரியே பழசாகிப் போயிருந்தாலும் தங்கும் பீக்குகள் மட்டும்தான் நகரும், ஆனால் அப்போது பெரும்பாலும் அவை முன்னால் வரும், பீக்குகளுக்கு அடியில் ஓடும் பேஸ்லைன் கோடும் ஏறியிருக்கும்.) மீத்தேனும் சேர்ந்து தள்ளிப்போயிருந்தால் பிரஷர், லீக் பக்கம் போங்கள்.

சூடுதான் என்று தெரிந்ததும் வெளியிலிருந்து இன்னொரு தெர்மாமீட்டரைக் கொண்டுவர வேண்டும். கேலிபரேட் செய்த மெல்லிய தெர்மோகப்பிள் (இரு வேறு உலோக வயர்களைச் சேர்த்துச் செய்த சென்சார்) முனையை, கேப்பிலரிச் சுருள் தொங்கும் இடத்தின் நடுவில், எந்த உலோகத்திலும் படாமல் நிறுத்துங்கள். வயரை ஓவனில் இருக்கும் காலித் துளை வழியாகக் கொண்டுபோங்கள். கதவிடுக்கில் விட்டால் சூடு கசிந்து ரீடிங் கெடும். 50, 100, 200 என மூன்று இடங்களில் நிலைப்படுத்திப் பத்து நிமிடம் கழித்து ஒப்பிடுங்கள். இன்ஜெக்டரில் மட்டும் இப்படி ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். அதன் மேல்பகுதி, செப்டத்துக்குப் பக்கத்தில், எப்போதுமே செட் செய்ததைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். அது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி.

சூடு மெதுவாக ஏறுகிறது, அல்லது செட் பாயின்ட்டைத் தொடவே இல்லை

இங்கே சென்சார் பெரும்பாலும் நிரபராதி. ஹீட்டர் ஓமைப் பாருங்கள். வோல்டேஜை வோல்டேஜால் பெருக்கி வாட்டால் வகுத்தால் வர வேண்டிய ஓம் கிடைக்கும். 230 வோல்ட்டில் 150 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 350 ஓம், 2000 வாட் ஓவன் ஹீட்டர் என்றால் 26 ஓம். இன்ஜெக்டரில் இரண்டு ஹீட்டர் இணையாக இருந்து ஒன்று அறுந்தால் ஓம் இரட்டிப்பாகிவிடும்.

சென்சார் குற்றவாளியாவது ஒரு இடத்தில்தான். இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டியவர் சென்சாரைத் துளையின் அடிவரை தள்ளாமல் விட்டிருப்பார். திரை மெதுவாக ஏறும், உள்ளே பிளாக் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். ஒரே நாளில் செப்டம் பழுப்பேறி மொறுமொறுவென்று உடைந்தால், லைனரின் (இன்ஜெக்டருக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய்) ஓரிங் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், முதலில் இதைப் பாருங்கள்.

கோடையில் இன்னொரு புகார் வரும்: ஓவன் 40-க்கு இறங்கவே மாட்டேன் என்கிறது, ரெடி வரவில்லை. ஏசி ஓடாத லேபில் 36 டிகிரி அறைக் காற்றை இழுத்துக்கொண்டு ஓவன் எப்படி 40-க்கு வரும்? பின்பக்க ஃபிளாப் திறக்கிறதா, ஜிசி சுவரை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். சென்சாரை விட்டுவிடுங்கள்.

பழைய ஜிசி: தெர்மோகப்பிள் இருந்தால்

பழைய கருவிகளில் கே டைப் தெர்மோகப்பிள் இருக்கும். இதில் ஓம் பார்த்துப் பயனில்லை, அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் தெரியும். மில்லிவோல்ட் பார்க்க வேண்டும். அறை 30 டிகிரியாக இருக்கும்போது, 250-ல் இருக்கும் முனையிலிருந்து சுமார் 9 மில்லிவோல்ட் வரும்.

தெர்மோகப்பிளின் ஷார்ட் பிளாட்டினத்தைவிட ஆபத்தானது. வழியில் மூடி நசுக்கி இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டால், அந்த ஒட்டிய இடத்தின் சூட்டையே அது காட்டும். எரர் எதுவும் வராது. திரையில் சாதுவாக 45 என்று நிற்கும், உள்ளே ஹீட்டர் நிற்காமல் ஓடும்.

பாசிட்டிவ், நெகட்டிவ் வயர்களை மாற்றி மாட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. சூடேற ஏற ரீடிங் இறங்கினால் அதுதான். சிவப்பு என்றால் பாசிட்டிவ் என்று நம் கை பழகியிருக்கிறது. ஆனால் மஞ்சள், சிவப்பு நிறத்தில் வரும் அமெரிக்க முறைக் கே டைப்பில் சிவப்புதான் நெகட்டிவ். பச்சை, வெள்ளை என்றால் பச்சை பாசிட்டிவ். நிறம் அழிந்துபோயிருந்தால் ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். காந்தம் இழுக்கிற வயர் நெகட்டிவ்.

சென்சாரா, போர்டா?

கனெக்டர் ஒரே மாதிரி இருந்தால் இரண்டு பகுதிகளின் சென்சார் வயரை இடம் மாற்றி மாட்டலாம். கோளாறு சென்சாரோடு கூடவே போனால் சென்சார், அங்கேயே நின்றால் போர்டு. அல்லது சென்சாருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரை மாட்டுங்கள். 110 ஓம் வைத்தால் திரை 26 பக்கமும், 150 வைத்தால் 130 பக்கமும், 180 வைத்தால் 211 பக்கமும் காட்ட வேண்டும். ரெசிஸ்டர் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஒரு சதவீத வித்தியாசமே மூன்று முதல் ஐந்து டிகிரி ஆகும்.

இந்த இரண்டு சோதனையிலும் ஹீட்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டே செய்ய வேண்டும். கண்டிப்பாக. 110 ஓம் ரெசிஸ்டர் எத்தனை மணி நேரமானாலும் 26 டிகிரி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஹீட்டர் மாட்டியிருந்தால் அது நிற்கவே நிற்காது. அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹீட்டரை வெட்டும் தெர்மல் ஃபியூஸை ஷார்ட் செய்து சோதிப்பதும் இதே வகை விபரீதம்.

மாற்றும்போது

கழற்றிய சென்சாரும் வாங்கிய சென்சாரும் ஒரே வகைதானா என்று பாருங்கள். பழைய ஜப்பானிய முறைப் பிடி 100 ஒன்று உண்டு. 0 டிகிரியில் அதுவும் 100 ஓம்தான், ஆனால் 100 டிகிரியில் 138.5-க்குப் பதில் 139.2. குளிரில் வித்தியாசமே தெரியாது. 300 டிகிரியில் ஐந்து டிகிரி பிழை வந்து நிற்கும். மாட்டும் முன் ஐஸில் ஒரு தடவை, கொதிநீரில் ஒரு தடவை ஓம் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. வயர் முனையில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் செய்கிறீர்கள் என்றால் தண்ணீர் 93 டிகிரிப் பக்கமே கொதித்துவிடும். அதற்குரிய ஓம் சுமார் 136.

சூடு படும் இடத்தில் சால்டர் வைக்காதீர்கள். சாதாரண 60/40 ஈயம் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். கிரிம்ப் செய்து, கண்ணாடி இழை ஸ்லீவ் போடுங்கள். பிவிசி ஸ்லீவ் கருகிவிடும். துளைக்குள் சூடு நன்றாகப் பரவட்டும் என்று வெள்ளை சிலிகான் பசை தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆவி டிடெக்டரில் பல நாள் பேயாக அலையும், வேண்டாம்.

மாட்டி முடித்ததும் நேராக 250-க்கு ஏற்றாமல் 60, 100, 150 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ரீடிங் நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். ஓவன் சென்சார் என்றால் வெளித் தெர்மோகப்பிளோடு ஒப்பிட்டு, சிஸ்டம் சூட்டபிலிட்டி (கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஓட்டிய பிறகே சாம்பிளைத் தொடுங்கள். மறுநாள் காலை, ஆறிய கருவியில் எல்லாப் பகுதிகளின் ரீடிங்கையும், புது சென்சாரின் ஓமையும், அறை வெப்பநிலையையும் லாக் புக்கில் ஒரே வரியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது மூடியைத் திறக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு வரி வேண்டும்.